குளவியின் குடலில் குடியிருப்போர்: புழு முதல் சிறகு வரை ஆராயத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேட்டுவன் குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து மண்கூட்டில் அடைக்கும், கொட்டிக் கொட்டி அதைத் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உள்ளே நடப்பது வேறு. தாய்க்குளவி புழுவைக் கொட்டி அசையாமல் செய்து கூட்டில் வைக்கிறது, முட்டையும் இடுகிறது, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு, அடைத்து வைத்த அந்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகோடு வெளியே வருகிறது. சாப்பாடும் பிள்ளையும் ஒரே அறையில், கதவு பூசிய நிலையில். அப்படியென்றால் அந்தப் பிள்ளையின் குடலில் இருக்கும் பாக்டீரியா எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்தா, இரையிடமிருந்தா, மண்ணிலிருந்தா? புழுவாக இருந்தபோது குடியிருந்தவை சிறகு முளைத்த பிறகும் அங்கேயே இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கையில் எடுக்க விரும்பும் முதுகலை மாணவர்களுக்காகவும், சிறிய ஆய்வகம் வைத்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நுண்ணுயிரியலின் அடிப்படை தெரிந்திருந்தால் போதும். குளவி வளர்த்த அனுபவம் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வாரங்கள் வீணாயின. முதல் முயற்சியில் எட்டாம் நாள் கூட்டுப்புழு என்று எழுதி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே டியூபில் போட்டு அரைத்தேன். சில டியூப்களில் பாக்டீரியா குவிந்து கிடந்தது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனை சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். கோளாறு பிசிஆரில் இல்லை. எட்டாம் நாளில் பாதிக் குளவிகள் குடலைக் காலி செய்திருந்தன, மீதிப் பாதி இன்னும் செய்யவில்லை. நாள் ஒன்றுதான், ஆனால் நான் அரைத்தது இரண்டு வேறு வேறு உடல்களை. எனவே நுண்ணுயிரை எண்ணுவதற்கு முன், அந்த நாளில் குடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்.

எந்தக் குளவியில் தொடங்குவது

மண்கூட்டுக் குளவி ஆசையைத் தூண்டும், ஆனால் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது கடினம். தொடங்குகிறவருக்கு ஏற்றது நசோனியா விட்ரிபென்னிஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி. நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், மனிதரைக் கொட்டாது. சதை ஈ, நீல ஈ போன்றவற்றின் கூட்டுப்புழுவில் முட்டையிடும். பூச்சி முட்டைகளை அழிக்க வயலில் டிரைக்கோகிரம்மா குளவி அட்டை கட்டிய விவசாயிக்கும், 2010இல் பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க விடப்பட்ட அசெரோபேகஸ் குளவியைப் பற்றிக் கேட்டவருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் புதியவை அல்ல.

நசோனியாவில் இதுவரை நான்கு இனங்கள் அறியப்பட்டுள்ளன: விட்ரிபென்னிஸ், ஜிரால்டி, லாங்கிகார்னிஸ், ஒனைடா. முதலாவது உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கிறது, மற்ற மூன்றும் வட அமெரிக்காவுக்கு உரியவை. விட்ரிபென்னிஸின் மரபுத்தொகுதி 2010இல் வெளியானது. குடல் நுண்ணுயிர் பற்றிய வேலையும் இதில் நிறைய நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ப்ரக்கரும் செத் போர்டன்ஸ்டைனும் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேராகப் பொருந்துவது. மூன்று நசோனியா இனங்களின் புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த குளவி ஆகியவற்றின் பாக்டீரியாவை ஒப்பிட்டார்கள். புழுவில் கூட்டம் எளிமையானது, காமா புரோட்டியோபாக்டீரியா என்ற வகுப்பே கோலோச்சுகிறது. கூட்டுப்புழு, முதிர்ந்த குளவி என்று போகப் போக வகைகள் கூடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே சூழலில் வளர்த்தும், எந்த இனம் எதற்கு நெருங்கிய உறவோ அதே உறவு அவற்றின் பாக்டீரியாக் கூட்டத்திலும் தெரிந்தது. உங்கள் முடிவுகளை ஒப்பிட இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடைக்காது.

குளவியை ஏற்கெனவே வளர்க்கும் ஆய்வகத்திடமிருந்து கேட்டு வாங்குவதே நல்லது. வெளியில் பிடிக்க வேண்டுமென்றால், ஈயின் கூட்டுப்புழுக்களைச் சிறு வலைப்பையில் கட்டி, பழைய பறவைக் கூட்டுக்கு அருகில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுக்கலாம். அதில் வந்து முட்டையிடுவதெல்லாம் நசோனியாவாக இருக்காது, ஈக்கூட்டைத் தேடி வரும் வேறு ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. விட்ரிபென்னிஸின் ஆணுக்குச் சிறகு மிகச் சிறியது, பறக்க முடியாது. அதை முதல் அடையாளமாக வைத்துக்கொண்டு, பிறகு பூச்சி வகைப்பாடு தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈயும் வேண்டும். ஆய்வகங்களில் சார்கோஃபேகா புல்லாட்டா என்ற சதை ஈயைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். வீட்டு ஈயின் கூட்டுப்புழுவிலும் விட்ரிபென்னிஸ் வளரும், ஆனால் அது சிறியது என்பதால் ஒன்றிலிருந்து குறைவான குளவிகளே வரும். எந்த ஈயை எடுத்தாலும் ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள். ஈ மாறினால் புழுவின் சாப்பாடு மாறும், சாப்பாட்டோடு வரும் பாக்டீரியாவும் மாறிவிடும்.

குடலின் நாட்காட்டி

ஈயின் புழு கூட்டுப்புழுவாகும்போது அதன் கடைசித் தோலே கெட்டியாகிப் பழுப்பு நிற ஓடாகிறது. ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் ஈக்கும் நடுவில் சிறிது இடைவெளி உண்டு. நசோனியாத் தாய் ஓட்டைத் துளைத்து, ஈக்குள் நஞ்சைச் செலுத்தி, அந்த இடைவெளியில் ஈயின் உடல்மேல் முட்டைகளை இடுகிறது. குஞ்சுகள் ஈயின் வெளியே ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வளர்கின்றன. நமக்கு இது பெரிய வசதி. ஓட்டை ஊசியால் மெல்ல உடைத்தால் எல்லாப் புழுக்களும் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

25 டிகிரி செல்சியஸில் வைத்தால் முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய 14 நாள். இரண்டாம் நாள் வாக்கில் முட்டை பொரிந்துவிடும். ஏழாம் நாள் வரை புழு தின்றுகொண்டே இருக்கும். இந்தக் காலம் முழுவதும் அதன் நடுக்குடல் பின்குடலோடு இணையாமல் முடிந்துவிடுகிறது, அதாவது அது ஒருபக்கம் மூடிய பை. தின்றது உள்ளே போகும், எதுவும் வெளியே வராது. தேனீ, எறும்பு, குளவிக் குடும்பங்களில் பரவலாகக் காணும் அமைப்பு இது. சாப்பாட்டின் மேலேயே குடியிருக்கும் புழு அதைத் தானே அசுத்தப்படுத்தாமல் இருக்க இது உதவுகிறது. நுண்ணுயிர் பார்வையில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. உள்ளே போன பாக்டீரியாவுக்கு வெளியேற வழியில்லை, ஐந்தாறு நாள் சத்தான கூழில் பெருகிக்கொண்டே இருக்கலாம்.

ஏழு, எட்டாம் நாளில் தடை திறக்கிறது. புழு அதுவரை தேக்கியதை ஒரே மூச்சில் வெளியேற்றுகிறது. பிறந்த குழந்தை முதன்முதலில் போகும் கரிய மலத்தைக் காட்டுப்பீ என்போமே, அதைப் போன்றது இது. ஓட்டுக்குள் கருப்பு உருண்டைகளாகக் கிடக்கும். வயிறு இருண்டு தெரிந்த புழு இப்போது தந்த நிறத்தில் வெளுத்திருக்கும். இந்த நிறமாற்றம்தான் உங்களுக்கு வழிகாட்டி. தேதியை நம்பாதீர்கள், வயிற்றைப் பாருங்கள்.

அப்புறம் கூட்டுப்புழு. முதலில் வெளிர்மஞ்சள், பிறகு கண்மட்டும் சிவக்கும், பிறகு மார்பிலிருந்து கருமை பரவும், பன்னிரண்டு பதிமூன்றாம் நாளில் முழுக்கக் கருத்துவிடும். வெளியே அசைவில்லாமல் இருந்தாலும் உள்ளே நடுக்குடலின் பழைய சுவர் உதிர்ந்து புதிய சுவர் உருவாகிறது. பழைய குடியிருப்பே இடிக்கப்படும் நேரம் இது. ஆகவே மஞ்சள், செங்கண், கருப்பு என்ற மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். கூட்டுப்புழு என்று ஒரே பெயரில் கலந்துவிட்டால் இந்தக் காலத்தில் நடக்கும் எதுவும் உங்களுக்குத் தெரியாது.

முதிர்ந்த குளவியிலும் இரண்டு நிலை உண்டு. தோல் உரித்த பிறகும் குளவி உடனே வெளியே வந்துவிடாது, ஓட்டுக்குள்ளேயே சிறிது காலம் இருக்கும். அங்கே என்னென்ன கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: ஈயின் மிச்சம், உடன்பிறந்தாரின் காட்டுப்பீ, உரித்த தோல். இவற்றின்மேல் நடந்து, ஓட்டை வாயால் கடித்துத் துளைத்துத்தான் வெளியே வருகிறது. காலியான குடலுக்குள் பழைய பாக்டீரியா மறுபடி நுழைவதற்கு இது நல்ல வாய்ப்பு என்று நான் கருதுகிறேன். ஓட்டுக்குள் இருந்தே எடுத்த குளவி, வெளியே வந்து எதுவும் சாப்பிடாத குளவி, சர்க்கரைத் தண்ணீர் குடித்த குளவி, ஈயின் உடல்நீரைக் குடித்த பெண்குளவி என்று நான்காகப் பிரித்து வைத்தால் இந்தக் கருத்தை நீங்களே சோதித்துவிடலாம். தேன் கொடுக்காதீர்கள், அதற்கென்று நுண்ணுயிர்கள் உண்டு. வடிகட்டிச் சுத்தம் செய்த சர்க்கரைக் கரைசல் போதும்.

வளர்ப்பும் எண்ணிக்கையும்

ஒரே வயதுப் பிள்ளைகள் வேண்டுமென்றால் தாய்க்குக் குறைந்த நேரமே கொடுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் வாயில் நுரை அடைப்பான் வைத்து, அதில் ஒரு துளையிட்டு, ஈக்கூட்டின் ஒரு முனை மட்டும் உள்ளே தெரியும்படி செருகுங்கள். குளவி அந்த முனையில்தான் முட்டையிடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தாயை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குள் வயது வித்தியாசம் அதிகம் இருக்காது. ஓட்டின் மேல் பென்சிலால் எண் எழுதுங்கள், எத்தனால் பட்டால் மை அழிந்துவிடும்.

இணை சேராத பெண்ணும் முட்டையிடும், ஆனால் அதன் பிள்ளைகள் அனைத்தும் ஆண். கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்றது பெண்ணாகவும் வளர்வது குளவிகளின் இயல்பு. ஆண், பெண் வேறுபாடு உங்கள் முடிவைக் குழப்பக் கூடாது என்றால் இணை சேராத தாய்களை வைத்து ஆண்களை மட்டும் ஆராயலாம். கூட்டுப்புழுவிலேயே பெண்ணின் சிறகுமொட்டு நீளமாகவும் ஆணினுடையது குட்டையாகவும் இருப்பதால் அப்போதே பிரித்துவிடவும் முடியும்.

எத்தனை மாதிரி? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு ஈக்கூட்டில் முப்பது புழு இருந்தால் முப்பது மாதிரி என்று எண்ணுகிறார்கள். அவை ஒரே தட்டில் சாப்பிட்ட முப்பது பேர். அந்த ஈயில் தற்செயலாக ஒரு பாக்டீரியா பெருகியிருந்தால் முப்பது பேரிடமும் அதுவே இருக்கும். ஒரு ஈக்கூடு என்பது ஒரு மாதிரி. ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு தாய்களிடமிருந்து எட்டு பத்து ஈக்கூடுகளாவது வேண்டும், ஐந்துக்குக் கீழே போகாதீர்கள். ஒரு கூட்டிலிருந்து பத்துக் குடல்களைச் சேர்த்து ஒரே டியூபில் போட்டுக்கொள்ளலாம், தனிக்குளவியில் கிடைக்கும் டிஎன்ஏ மிகக் குறைவு.

நசோனியாப் புழுவுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பகல் குறுகிய காலத்தில் வளர்ந்த தாயின் பிள்ளைகள் புழு நிலையிலேயே உறக்கத்துக்குப் போய்விடும். அந்தப் புழுக்களை ஃபிரிட்ஜில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு வைத்திருக்கலாம். வளர்ப்பு அழிந்துபோகாமல் காக்க இது அருமையான வழி. ஆனால் ஃபிரிட்ஜில் கிடந்த புழுவை நேராகக் குடல் ஆய்வுக்கு எடுக்க வேண்டாம், அதிலிருந்து இரண்டு தலைமுறை வளர்த்த பிறகு தொடங்குங்கள்.

கழுவுவது

குடலில் உள்ளதைத் தேடுகிறோம் என்றால் உடலின் மேல் ஒட்டியிருப்பது போக வேண்டும். எத்தனால் பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ அங்கேயே இருக்கும். பிளீச் டிஎன்ஏவையும் சிதைக்கும். ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவை வளர்க்க மட்டும் என்றால் எத்தனால் போதும், டிஎன்ஏ படிக்கப் போகிறீர்கள் என்றால் பிளீச்சும் அவசியம். கூட்டுப்புழுவையும் முதிர்ந்த குளவியையும் 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம், கடையில் வாங்கிய பிளீச்சைப் பத்தில் ஒன்றாகக் கரைத்ததில் அரை நிமிடம், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை. புழுவின் தோல் மென்மையானது, பிளீச் உள்ளே கசிந்தால் குடலும் கெடும். அதற்குக் கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் நான்கைந்து முறை கழுவினால் போதும். எந்த நிலையை எப்படிக் கழுவினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். புழுவுக்கும் குளவிக்கும் கழுவும் முறையே வேறு என்பதால், பின்னால் வித்தியாசம் தெரிந்தால் அதில் ஒரு பங்கு இதிலிருந்து வந்திருக்கலாம்.

கடைசியாகக் கழுவிய தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அதில் பாதியைத் தட்டில் பரப்புங்கள், பாதியை டிஎன்ஏ எடுக்க வையுங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் கழுவியது போதவில்லை.

குடலை வெளியே எடுப்பது

புழுவில் சுலபம். நுண்ணோக்கியின் கீழ் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் வைத்து, தலைப்பக்கம் ஒரு ஃபோர்செப்ஸாலும் பின்பக்கம் இன்னொன்றாலும் பிடித்து மெல்ல இழுத்தால் நடுக்குடல் இருண்ட பையாக வெளியே வரும். உடலின் பெரும்பகுதியே குடல்தான் என்பது அப்போது தெரியும். பை கிழிந்தால் அந்தப் புழுவை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

முதிர்ந்த குளவியில் வயிற்றின் கடைசிக் கண்டத்தைப் பிடித்து இழுத்தால் குடலும், பெண்ணாக இருந்தால் அண்டகமும் நஞ்சுப்பையும் சேர்ந்து வரும். அண்டகத்தைக் கவனமாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும். செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா அதில் நிறைந்திருக்கும். முதல் வாரம் பத்தில் இரண்டு கூடச் சரியாக வராது. ஆய்வுக்கு வைத்த குளவிகளில் கை பழகாதீர்கள், உபரியாக வளர்த்தவற்றில் ஐம்பது அறுபது எடுத்துப் பழகிய பிறகு தொடங்குங்கள்.

கூட்டுப்புழுவில், அதுவும் மஞ்சள் நிலையில், குடலைத் தனியாக எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். உள்ளே எல்லாம் கூழாக இருக்கும். முழு உடலையே எடுங்கள், ஆனால் அப்படியென்றால் புழுவிலும் குளவியிலும் ஒரு தொகுதியை முழு உடலாகவும் எடுக்க வேண்டும். ஒரு நிலையில் குடலையும் இன்னொரு நிலையில் முழு உடலையும் ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு நிற்காது.

முதலில் தட்டில் வளர்த்துப் பாருங்கள்

டிஎன்ஏ வரிசை வாசிக்கப் பணம் செலவாகும். அதற்கு முன்பு தட்டில் வளர்த்துப் பார்ப்பது செலவில்லாத, நிறையக் கற்றுக்கொடுக்கும் வேலை. நசோனியாப் புழுவிலிருந்து புரோவிடென்சியா, புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் சாதாரண ஊட்ட அகார் கூழிலேயே வளரும். புரோட்டியஸ் இருந்தால் உடனே தெரிந்துவிடும், தட்டு முழுக்க அலையலையாக வட்டமிட்டுப் படரும். அப்படிப் படர்ந்தால் அடியில் இருக்கும் மற்ற பாக்டீரியாக் குடியிருப்புகள் (காலனிகள்) மறைந்து எண்ண முடியாமல் போகும். மெக்கான்கி என்ற இன்னொரு வகை அகாரில் படர்தல் அடங்கிவிடும், ஆகவே இரண்டு வகைத் தட்டிலும் போடுங்கள். இவை மனிதருக்கும் சிறுநீர்த் தொற்று முதலியவற்றை உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

தட்டு இன்னொரு நன்மையும் செய்கிறது. தட்டில் வளரக்கூடியவற்றில் உயிரோடு இருப்பது எத்தனை என்பதை அது சொல்லும். இருண்ட வயிற்றுப் புழு, வெளுத்த புழு, மஞ்சள் கூட்டுப்புழு மூன்றையும் ஒரே நாளில் அரைத்து, படிப்படியாகப் பத்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து தட்டில் போடுங்கள். காட்டுப்பீ போவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்த நாள் அதுதான்.

டிஎன்ஏவும் வெற்று டியூபும்

பாக்டீரியாவை இனங்காண, எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் என்ற மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் படிப்பது வழக்கம். முறைகள் எங்கும் எழுதப்பட்டிருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது வெற்று மாதிரியைப் பற்றி, அதாவது பூச்சி எதுவும் போடாமல் மற்ற எல்லாப் படிகளையும் செய்த டியூபைப் பற்றி.

டிஎன்ஏ பிரிக்கும் கிட், பிசிஆர் கரைசல், தண்ணீர் எல்லாவற்றிலும் பாக்டீரிய டிஎன்ஏ துளியளவு இருக்கும். மனித மலத்தை ஆராய்கிறவருக்கு இது பொருட்டல்ல, அங்கே பாக்டீரியா மலைபோல் இருக்கிறது. குடல் காலியான சிறு கூட்டுப்புழுவில் கிட்டிலிருந்து வந்தது பாதிக்கு மேல் ஆகிவிடலாம். என் முதல் வரிசை வாசிப்பில் மஞ்சள் கூட்டுப்புழுவில் கிடைத்த கூட்டமும் வெற்று டியூபில் கிடைத்த கூட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வெற்று டியூப் வைக்காமல் இருந்திருந்தால், கூட்டுப்புழுவுக்கே உரிய அரிய பாக்டீரியா என்று எழுதியிருப்பேன்.

புழுவை விடக் குளவியில் வகைகள் கூடுகின்றன என்ற முடிவை எட்டும்போதும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டும்: மொத்த பாக்டீரியா குறைவாக உள்ள நிலையில் கலப்படம் அதிக வகையாகத் தோற்றமளிக்கிறதா? ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் இவை கட்டாயம்: எதுவும் போடாமல் டிஎன்ஏ பிரித்த டியூப் இரண்டு, கடைசிக் கழுவல் தண்ணீர், பிசிஆருக்குத் தண்ணீர் மட்டும், பிறகு தெரிந்த பாக்டீரியாக்களைத் தெரிந்த அளவில் கலந்த ஒரு மாதிரி. ஈயிலும் இரண்டு எடுக்க வேண்டும். குளவி தொடாத ஈக்கூடு ஒன்று, குளவி கொட்டிய அதே வயது ஈயின் மிச்சம் ஒன்று. இவை இல்லாமல் புழுவின் குடலில் கிடைத்தது குளவியினுடையதா, வயிற்றில் கிடக்கும் ஈயினுடையதா என்று சொல்லவே முடியாது.

எல்லா நிலைகளையும் கலந்து கலந்து டிஎன்ஏ பிரியுங்கள். திங்கள்கிழமை புழு, செவ்வாய்க்கிழமை குளவி என்று செய்தால் கிழமையின் வித்தியாசம் நிலையின் வித்தியாசமாகத் தெரியும்.

எண்களை வாசிக்கும்போது

வரிசை வாசிப்பு விகிதத்தைத்தான் கொடுக்கும், அளவைக் கொடுக்காது. புழுவில் புரோவிடென்சியா ஒரு லட்சம், மற்றவை ஆயிரம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். காட்டுப்பீயோடு புரோவிடென்சியா ஆயிரமாகக் குறைந்து, மற்றவை அப்படியே நின்றால், விகிதத்தில் மற்றவை ஒரு சதவீதத்திலிருந்து ஐம்பதாகக் குதிக்கும். அவை பெருகவே இல்லை. எனவே டிஎன்ஏவின் அளவையும் சொல்லும் அளவறி பிசிஆரில் மொத்த பாக்டீரியாவை எண்ணி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அது முடியாவிட்டால் தட்டு எண்ணிக்கையாவது பக்கத்தில் இருக்கட்டும்.

வோல்பாக்கியாவை என்ன செய்வது? அது செல்லுக்குள் இருப்பது, தாய்வழி முட்டையில் வருவது, குடல்வாசி அல்ல. ஆனால் முழு உடலை அரைத்தால் வாசிப்பில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். வோல்பாக்கியா இல்லாத வளர்ப்பு கிடைத்தால் அதில் தொடங்குங்கள். இல்லையென்றால் அதன் பங்கு எவ்வளவு என்று எழுதிவிட்டு, பிறகு நீக்கிக் கணக்கிடுங்கள்.

வெளியில் பிடித்த வளர்ப்பில் ஆண்களே அரிதாக இருந்தால் இன்னொருவரைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்செனோபோனஸ் நசோனியே என்ற பாக்டீரியா ஆண் கருக்களில் சுமார் 80 சதவீதத்தைக் கொன்றுவிடும். 1991இல் பெயரிடப்பட்டது. இது பரவும் விதம் நம் கேள்வியின் நடுவிலேயே நிற்கிறது. முட்டைக்குள் போகாது. தாய் கொட்டும்போது ஈயின் உடலுக்குள் செலுத்தப்படுகிறது, புழு ஈயைத் தின்னும்போது குடலுக்குள் போகிறது, குடல் சுவரைக் கடந்து உடலுக்குள் பரவுகிறது, அந்தப் பெண் வளர்ந்து கொட்டும்போது அடுத்த தலைமுறைக்கு. தாயின் சொத்து சாப்பாட்டின் வழியாகப் பிள்ளையின் குடலுக்கு வந்து சேர்கிறது. ஒட்டுண்ணிக் குளவியில் இரையிலிருந்து வந்தது, தாயிடமிருந்து வந்தது என்று இரண்டையும் எளிதாகப் பிரிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். கொட்டிய ஈயையும் கொட்டாத ஈயையும் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

கூட்டமாக வாழும் குளவிகளில் கதை வேறு. அங்கே பெரியவை புழுவுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகின்றன. 2012இல் இத்தாலியர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ரொட்டிக்கும் ஒயினுக்கும் பயன்படும் அதே ஈஸ்ட் பெருங்குளவி, காகிதக் குளவி ஆகியவற்றின் குடலில் இருப்பதையும், குளிர்காலம் முழுக்கத் தனியாக உறங்கும் ராணியின் குடலில் அது உயிரோடு இருந்து வசந்தத்தில் புழுக்களுக்குப் போய்ச் சேர்வதையும் காட்டியது. காலியான குளவிக்கூடு ஒன்று கிடைத்தால் அறையின் அடியைக் கீறிப் பாருங்கள். கருப்பு வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். அந்த அறையில் வளர்ந்த புழு விட்டுப்போன காட்டுப்பீ அது.

கிருமியே இல்லாத குளவி

யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். நசோனியாவில் அதைச் செய்ய முடியும். முட்டைகளை எடுத்துக் கழுவிக் கிருமி நீக்கி, ஈக்கூட்டிலிருந்து பிழிந்து வடிகட்டிய திரவத்தில், மெல்லிய சவ்வின் மேல் புழுக்களை வளர்க்கும் முறையை ப்ரக்கரும் போர்டன்ஸ்டைனும் 2012இல் வெளியிட்டார்கள். 2016இல் போர்டன்ஸ்டைனின் குழுவினர் அதிலிருந்த ஆன்டிபயாட்டிக்கையும் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தையும் நீக்கி மேம்படுத்தினார்கள்.

இதை வைத்துச் செய்த சோதனை 2013இல் பெரிதாகப் பேசப்பட்டது. விட்ரிபென்னிஸையும் ஜிரால்டியையும் கலந்தால், இரண்டாம் தலைமுறைக் கலப்பின ஆண்களில் சுமார் 90 சதவீதம் புழு நிலையிலேயே சாகும். பெற்றோர் இனங்களில் புரோவிடென்சியா மிகுந்திருக்க, கலப்பினத்தில் புரோட்டியஸ் மேலோங்கியிருந்தது. கிருமியில்லாமல் வளர்த்தபோது கலப்பினங்கள் பெருமளவில் பிழைத்தன, பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்தபோது மறுபடி செத்தன. இதற்குப் பொருள் என்ன என்பதில் எதிர்வாதங்களும் அச்சாகின, இரு பக்கத்தையும் படியுங்கள். நம் வேலைக்கு முக்கியமானது, சாவு புழு நிலையில் நடந்தது என்பது. மூடிய பையில் பாக்டீரியா பெருகும் அதே நாட்கள்.

இந்த முறையில் இறங்குவதற்கு முன் சாதாரண வளர்ப்பில் இரண்டு முறை முழுச் சுற்று முடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் தடவை செய்யும்போது முட்டைகளில் பெரும்பகுதி சாகும், சவ்வில் புழுக்கள் காய்ந்து போகும், திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு சொட்டை ஊட்ட அகாரில் போட்டு இரண்டு நாள் பாருங்கள், ஒரு குடியிருப்பு தெரிந்தாலும் அந்தத் தட்டை நீக்குங்கள். கிருமியில்லாத புழுக்கள் ஏழெட்டு நாள் தாண்டி வெளுக்கத் தொடங்கியதும், தட்டில் நீங்களே வளர்த்துச் சேமித்த புரோவிடென்சியாவை ஒரு பாதிக்குக் கொடுங்கள், மறுபாதிக்கு வெறும் உப்புக் கரைசல். வெளுப்பதற்கு முன்பு கொடுத்த இன்னொரு தொகுதியும் வைத்துக்கொண்டால், குடல் மூடியிருந்தபோது நுழைந்ததா, திறந்த பிறகு நுழைந்ததா, எது சிறகு முளைக்கும்வரை தங்குகிறது என்று பதினான்காம் நாள் தட்டில் எண்ணிவிடலாம்.